ஒரு பெட்டிக்கு நாற்பத்து மூன்று ஒப்புதல்கள்

எங்கள் இயக்ககத்திலிருந்து தேதியும் கையெழுத்தும் அனுப்புகை எண்ணும் இல்லாமல் ஒரு துண்டுத் தாள்கூட வெளியே போகாது. கழிப்பறைக் கதவில் ஒட்டியிருக்கும் 'தண்ணீர் வராது' என்ற அறிவிப்பில்கூட மூன்றும் இருக்கின்றன. தண்ணீர் வர ஆரம்பித்து இரண்டு வருடமாகிறது. ஆனால் அறிவிப்பைக் கிழிக்கும் ஆணை இன்னும் கையெழுத்தாகவில்லை. அதனால் தண்ணீர் வரவில்லை என்றே வைத்துக்கொண்டு, வருகிற குழாயில் வாளி வாளியாகப் பிடித்து வைத்துக்கொள்கிறோம்.

இப்படிப்பட்ட ஒழுங்கான இடத்தில் ஒரு பெட்டி அறுபத்தெட்டு நாள் திறக்காமல் கிடந்தது என்றால், அதற்கும் ஒழுங்கான காரணம் இருந்தது.

பெட்டி என்று நாங்கள்தான் சொல்கிறோம். ஆணைகளில் அதன் பெயர் 'இரகசிய மெய்நிகர் இயந்திரம்'. கையால் தொட முடியாது. கீழ்த்தளத்துக் குளிர் அறையில் இருக்கும் பெரிய சர்வருக்குள் அது நினைப்பு மாதிரி ஓடிக்கொண்டிருக்கும். அந்த சர்வருக்குச் சொந்தக்காரரே வந்து நின்றாலும் பெட்டிக்குள் எட்டிப் பார்க்க முடியாது. அதற்குள் இருப்பது ஒரே ஒரு பட்டியல். கருவிழி மாற்று அறுவைக்குக் காத்திருப்பவர்களின் பெயர்கள், அவசரத்துக்கேற்ற வரிசைப்படி.

முன்பு அந்தப் பட்டியல் தடியான ஒரு பதிவேட்டில் இருந்தது. பதிவேட்டில் இருந்த பெயர்களுக்குக் கால் முளைத்திருந்தது. இருநூறாவதாகப் படுத்த பெயர் காலையில் நான்காவதாக எழுந்திருக்கும். பத்திரிகைக்காரர்கள் எழுதினார்கள், மேலிடம் கோபப்பட்டது, யாருமே பார்க்க முடியாத பெட்டி வந்தது. மாதத்தின் முதல் திங்கட்கிழமை, வந்திருக்கும் கருவிழிகள் எத்தனை என்று பெட்டியிடம் சொன்னால், அது முன்னால் இருக்கும் அத்தனை பெயர்களை மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும்.

அந்தப் பட்டியலில் என் வீட்டுக்காரர் பெயரும் இருந்தது. எத்தனாவது என்று தெரியாது. யாருக்கும் தெரியாது.

அவர் தையல்காரர். இடது கண் போன வருடமே வெளுத்துப் போயிற்று. வலது கண்ணும் அதே பாதையில் போய்க்கொண்டிருந்தது. "மூணு மாசத்துக்குள்ள மாத்தணும்மா. அதுக்கு மேல போனா மாத்தினாலும் ஒட்டாது," என்று டாக்டர் சொன்னார். சொன்ன நாளிலிருந்து நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். இவரோ சட்டைப் பையை முதுகில் வைத்துத் தைத்துவிட்டார்.

சட்டையை வாங்க வந்த வாலிபன் புரட்டிப் புரட்டிப் பார்த்தான்.

"அண்ணே, பை எங்கண்ணே?"

"பின்னாடி. இப்ப அதான் மாடல்," என்றார் இவர், முகத்தைக் கொஞ்சமும் மாற்றாமல்.

நான் உள்ளே நின்று தலையில் கை வைத்துக்கொண்டேன். மறுநாள் அவனுடைய நண்பர்கள் மூன்று பேர் அதே மாடல் கேட்டு வந்தார்கள்.

"பார்த்தியா, கண்ணு போனப்புறம்தான் என் தொழிலே சூடு பிடிக்குது," என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்குக் காலைதான் அவர் ஊசியில் நூல் கோர்க்க இருபது நிமிடம் எடுத்துக்கொண்டதைக் கதவிடுக்கில் நின்று பார்த்திருந்தேன்.

இயக்ககத்தில் என் வேலை கோப்பு கொண்டுபோவது. கீழ்த்தளத்திலிருந்து நான்காம் மாடி, நான்காம் மாடியிலிருந்து கீழ்த்தளம். லிஃப்ட் இருப்பது இயக்குநருக்காக. அவர் உள்ளே இருக்கும்போது மற்றவர்களும் ஏறிக்கொள்ளலாம் என்று விதி இருக்கிறது. அவர் உள்ளே இருக்கும்போது யாரும் ஏறுவதில்லை.

பெட்டி தூங்கி எழும்போது முதன்முதலில் ஓடுவது ஃபர்ம்வேர் என்கிற சின்ன நிரல். ஆணையில் 'நிலைபொருள்' என்று எழுதுவார்கள். சர்வருக்குள் இருக்கும் சில்லு அந்த நிரலை எழுத்து விடாமல் அளந்து, ஒரு நீளமான எண்ணைச் சொல்லும். அதற்குப் பெயர் அளவெண். மூன்றாம் மாடியில் சாவிப் பிரிவு இருக்கிறது. அங்கே உள்ள கணினியில் ஒப்புதல் பெற்ற அளவெண்ணைப் பதிந்து வைத்திருப்பார்கள். இரண்டும் ஒன்றானால் சாவி தானாகப் போய்ப் பெட்டி திறக்கும். நிரலில் ஒரு புள்ளி மாறினாலும் எண் முழுக்க வேறாகிவிடும், சாவி போகாது. கெஞ்சினாலும் போகாது, மேலிடத்திலிருந்து போன் வந்தாலும் போகாது. அதுதான் அதன் பெருமை.

அந்த ஃபர்ம்வேரைத் தொகுத்துப் பொட்டலமாகக் கட்டி அனுப்புவது கீழ்த்தளத்தில் இருக்கும் ஒருத்தியின் வேலை. முப்பத்தைந்து வயது, ஒப்பந்த ஊழியர், வருடம் முழுக்க ஸ்வெட்டர் போட்டிருப்பாள். பதவியின் பெயர் 'பொட்டலப் பராமரிப்பாளர்'. அதனால் இயக்ககம் முழுக்க அவளுக்குப் பொட்டலம் என்றே பெயர். அவளும் போனை எடுத்தால் "பொட்டலம் பேசறேன்" என்றுதான் சொல்வாள்.

ஒரு நாள் அந்தச் சில்லு செய்யும் கம்பெனி, பழைய ஃபர்ம்வேரில் ஓர் ஓட்டை இருக்கிறது, உடனே மாற்றுங்கள் என்று அறிவித்தது. பழைய அளவெண்ணை அன்று மாலையே நீக்கிவிட்டார்கள். நீக்குவது மட்டும் எங்கள் இயக்ககத்தில் அன்றைக்கே நடக்கும். பெட்டி தூங்கிப் போயிற்று. பொட்டலம் இரண்டு நாள் உட்கார்ந்து புது ஃபர்ம்வேரைக் கட்டி, அதன் அளவெண்ணை ஒரு தாளில் அச்சடித்துக் கோப்பில் வைத்தாள். நான் நான்காம் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பின்னாலேயே அவளையும் கூப்பிட்டனுப்பினார்கள்.

இயக்குநர் தாளை முன்னும் பின்னும் பார்த்தார்.

"தேதி எங்கே?"

"தாள்ல இருக்கு சார்."

"தாள்ல இல்லம்மா. நிலைபொருளுக்குள்ள."

"உள்ள தேதி வராது சார். வேணும்னே எடுத்துட்டேன்."

"வேணும்னேவா?" இயக்குநர் நாற்காலியில் நிமிர்ந்தார்.

"இன்னைக்குக் கட்டினாலும், அடுத்த வருஷம் கட்டினாலும், நான் கட்டினாலும், வெளியில வேற யார் கட்டினாலும் ஒரே அளவெண் வரணும் சார். அப்பத்தான் நாம உள்ள திருட்டுத்தனமா எதுவும் வைக்கலைன்னு நாலு பேர் சரிபார்க்க முடியும். தேதி போட்டா தினமும் எண் மாறிடும்."

"யார் கட்டினாலும் ஒரே மாதிரிதான் வருமா?"

"ஆமா சார்."

"அப்புறம் உங்களை எதுக்கு வேலைக்கு வெச்சிருக்கோம்?"

பக்கத்தில் நின்ற கண்காணிப்பாளர் மேடம் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். அந்த மேடம் இயக்ககத்தின் விதிப் புத்தகம். புத்தகத்துக்காவது பொருளடக்கம் இருக்கும், அவருக்கு அதுவும் கிடையாது. எந்தப் பக்கம் எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது.

"தேதி இல்லாத, பெயர் இல்லாத, எண் இல்லாத ஒரு பொருள் என் இயக்ககத்திலிருந்து போகுதுன்னா, அது அநாதை மாதிரி," என்றார் இயக்குநர். அவர் குரல் கொஞ்சம் தழுதழுத்தது. "என் ஒப்புதல் ஆணையோட எண், தேதி, என் பெயர், பதவி, இத்தனையும் நிலைபொருளுக்குள்ள இருக்கணும்."

"விதி பதினாலு, சார்," என்றார் மேடம். "எதுக்கு ஒப்புதல் கொடுக்கறோமோ, அதோட அளவெண் ஒப்புதல் ஆணையில இருக்கணும்."

"அதுவும் இருக்கட்டும்," என்றார் இயக்குநர் தாராளமாக.

கதை இங்கேதான் ஆரம்பித்தது. முடியவும் இங்கேயே முடிந்திருக்க வேண்டும், ஆனால் அரசாங்கத்தில் அப்படி முடிவதில்லை.

பொட்டலத்தின் தாளில் இருந்த அளவெண்ணைக் குறிப்பிட்டு ஆணை எண் ஒன்று பிறந்தது. நான் கீழே கொண்டுவந்தேன். 'ஆணை எண் ஒன்று' என்பதை அவள் ஃபர்ம்வேருக்குள் வைத்தாள். உடனே அளவெண் மாறியது. ஆணையில் இருந்ததோ பழைய அளவெண். சாவிப் பிரிவு "பொருந்தவில்லை" என்று முத்திரை குத்தித் திருப்பியது. புது அளவெண்ணைப் போட்டு ஆணை எண் இரண்டு வந்தது. அதை உள்ளே வைத்தாள். மறுபடி அளவெண் மாறியது. ஆணை எண் மூன்று வந்தது. நான் ஏறினேன், இறங்கினேன். நான்கு. ஐந்து. முழங்கால் என்னைத் திட்ட ஆரம்பித்தது.

எட்டாவது ஆணையோடு பொட்டலம் என்னுடனேயே மேலே வந்துவிட்டாள்.

"சார், ஆணைக்குள்ள அளவெண் இருக்கணும்ங்கறீங்க. அளவெண்ணை அளக்கற பொருளுக்குள்ள ஆணை இருக்கணும்ங்கறீங்க. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு வயித்துல சுமக்க முடியாது சார்."

"முயற்சி பண்ணினீங்களா?"

"எட்டு தடவை சார்."

"எட்டுதானே. இளம் வயசுல இவ்வளவு சீக்கிரம் மனசு தளரக் கூடாது."

"வேணும்னா ஆணை எண்ணைப் பொட்டலத்தோட மேல் உறையில போட்டுடலாம் சார். சில்லு உறையை அளக்காது, உள்ள இருக்கறதை மட்டும்தான் அளக்கும். அளவெண் மாறாது, பெட்டி இன்னைக்கே திறந்துக்கும்."

மேடம் தலையாட்டினார், வேண்டாம் என்று. "ஆணையில உள்ளேன்னு இருக்கு சார். வெளியேன்னு மாத்தணும்னா அதுக்குத் தனியா ஓர் ஒப்புதல் வேணும். அந்த ஒப்புதல் எண்ணையும் உள்ளே வைக்கணும்."

கீழே இறங்கும்போது பொட்டலம் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அக்கா, உங்க வீட்டுக்காரருக்கு இன்னும் எவ்வளவு நாள் டைம் சொன்னாங்க?"

"அறுபத்தொம்பது."

"நாள் கணக்கா?"

"வேற எப்படி எண்ணறது?"

அவள் எழுந்து, அன்றைக்கு என் கையிலிருந்த கோப்பைத் தானே வாங்கிக்கொண்டு நடந்தாள்.

முதல் திங்கட்கிழமை வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து கேட்டார்கள்: ஆறு கருவிழி வந்திருக்கிறது, யாருக்கு? பெட்டி தூங்குகிறது, யாருக்கு என்று தெரியாது என்று பதில் போயிற்று, தேதி, கையெழுத்து, அனுப்புகை எண்ணோடு. கருவிழி பத்துப் பதினைந்து நாளுக்கு மேல் தாங்காது. ஆறும் வீணாயின. இறந்துபோன மூன்று பேரின் வீட்டார் அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவை அவை.

அந்த மாத அறிக்கையில் இயக்ககம் எழுதியதை நான் படித்தேன், கோப்பு திறந்தேதான் இருந்தது. 'நடப்பு மாதத்தில் பட்டியலிலிருந்து ஒரு பெயர்கூட வெளியே கசியவில்லை. இரகசியம் நூறு விழுக்காடு காக்கப்பட்டுள்ளது. மேலும், ஒரே மாதத்தில் பத்தொன்பது ஒப்புதல்கள் வழங்கி இயக்ககம் சாதனை படைத்துள்ளது.' வேறொரு இயக்ககத்திலிருந்து நான்கு பேர் வந்து, பத்தொன்பது ஒப்புதல் எப்படிச் சாத்தியமாயிற்று என்று குறிப்பெடுத்துக்கொண்டு போனார்கள். அவர்களிடம் மாதத்துக்கு மூன்றுதான் நகர்கிறதாம்.

என் வீட்டுக்காரர் புதுப்பிக்கப் போனது அந்த வாரம்தான். பட்டியலில் இருப்பவர்கள் அறுபது நாளுக்கு ஒரு முறை கவுன்டருக்குப் போய்க் கைரேகை வைக்க வேண்டும், இன்னும் உயிரோடு இருக்கிறோம், இன்னும் கண் தெரியவில்லை என்பதற்கு அத்தாட்சியாக. நானும் கூடப் போனேன்.

"பெட்டி தூங்குதுங்க. ரேகை உள்ள போகாது. எழுந்ததும் வாங்க," என்றார் கவுன்டரில் இருந்தவர்.

"அறுபது நாள் தாண்டிட்டா?"

"தாண்டக் கூடாதுங்க."

"நான் தாண்டலையே. நீங்கதானே தாண்ட விடறீங்க?"

"ஐயா, எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் ரேகைக்கு மட்டும்தான்."

இவர் திரும்பி வரும் வழியெல்லாம் கட்டைவிரலைத் தடவிக்கொண்டே வந்தார். "மை வெச்சு விட்டிருந்தா கூட ஒரு திருப்தி," என்றார்.

ஆணை எண் முப்பதில் ஆராய்ச்சிக் குழு போட்டார்கள். அந்த வருடம் அலுவலகங்களில் 'சிந்தனை மூலை' வைப்பது நாகரிகமாக இருந்தது. எங்கள் இயக்ககத்திலும் இரண்டாம் மாடியில் மேசை நாற்காலியை எடுத்துவிட்டு, மூட்டை மாதிரி மெத்தைகளைத் தரையில் போட்டு, சுவரில் வண்ண வண்ணத் துண்டுத் தாள்களை ஒட்டியிருந்தார்கள். உட்கார்ந்தால் புது யோசனை வருமாம். குழு அங்கேதான் கூடியது. மூட்டையில் உட்கார்ந்த மேடத்தால் எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு பேர் கை கொடுத்துத் தூக்கினோம். அந்த நேரத்தில்தான் அவருக்கு யோசனை வந்தது.

"அளவெண் என்னவா வரும்னு முன்கூட்டியே ஊகிச்சு ஆணையில எழுதிட்டா என்ன?"

"ஊகிக்கலாம் மேடம்," என்றாள் பொட்டலம். அவள் குரலில் உயிரே இல்லை. "ஒவ்வொண்ணா போட்டுப் பார்க்கணும். இந்த சர்வர்ல போட்டா சூரியன் அணையறதுக்குள்ள முடியாது."

"சூரியன் எப்ப அணையும்?"

"பல நூறு கோடி வருஷம் மேடம்."

"அதுவரைக்கும் தற்காலிக ஒப்புதல் கொடுக்க விதியில இடமிருக்கு," என்று மேடம் எழுதிக்கொண்டார்.

இரண்டாவது முதல் திங்களும் போயிற்று. ஐந்து கருவிழிகள். யாருக்கும் இல்லை. இரகசியம் நூறு விழுக்காடு.

வீட்டில் இவர் இப்போது தைப்பதை நிறுத்திவிட்டார். மெஷினுக்குத் துணி போட்டு மூடிவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் மாலை நான் உள்ளே நுழைந்தபோது, "யாரு?" என்றார். இருபத்தாறு வருடமாக என் செருப்புச் சத்தத்தையே கேட்டு யார் என்று சொல்கிறவர். நான் சமையலறைக்குப் போய் நின்றுகொண்டேன்.

மறுநாள் ஆணை எண் நாற்பத்திரண்டைக் கையெழுத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். இயக்குநர் தனியாக இருந்தார். அவர் பேனாவைத் திறந்ததும் எனக்குள் என்ன புகுந்ததோ, கோப்பைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

"என்னம்மா? வை."

"சார், தப்பா நினைக்காதீங்க. உங்க பேரை உள்ள வைக்கறாங்களே, அதை யார் சார் பார்ப்பாங்க?"

"ஏன்? எல்லாரும்…"

"அது இரகசியப் பெட்டி சார். உள்ள இருக்கறதை யாராலயும் பார்க்க முடியாதுன்னு நீங்கதானே மேடையில பேசினீங்க. உள்ள உங்க பேர் இருந்தா என்ன, என் பேர் இருந்தா என்ன?"

இயக்குநரின் பேனா காற்றில் நின்றது.

"நாற்பத்தொரு ஆணையிலயும் இதை யாரும் எனக்குச் சொல்லலையே," என்றார் மெதுவாக.

"மேல் உறையில போட்டா, பிரிக்கறவங்க எல்லாரும் பார்ப்பாங்க சார். அங்க இடமும் நிறைய இருக்காம். பட்டம், பதவி எல்லாத்தையும் முழுசா போடலாமாம். பொட்டலம் சொல்லுச்சு."

பொட்டலம் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

"படம்?"

"சின்னதா இருந்தா வைக்கலாம் சார்."

ஒரு மணி நேரத்தில் ஆணை எண் நாற்பத்து மூன்று வந்தது. அதன் முதல் வரி: 'இரகசியத்தின் புனிதத்தைக் கருதி, இயக்குநரின் பெயரும் ஒப்புதல் விவரங்களும் இனி நிலைபொருளுக்குள் இடம்பெறாது, உறையின்மீதே இடம்பெறும்.' மேடம் மறுப்புச் சொல்லவில்லை. உறையில் அவருக்கும் இரண்டு வரி ஒதுக்கியிருந்தது.

பொட்டலம் ஃபர்ம்வேரை முதல் நாள் கட்டியது போலவே, தேதி இல்லாமல், பெயர் இல்லாமல், மறுபடி கட்டினாள். முதல் நாள் வந்த அதே அளவெண் எழுத்துப் பிசகாமல் வந்தது. "பார்த்தீங்களா அக்கா, இதுக்குத்தான் தேதி வேண்டாம்னேன்," என்று திரையைக் காட்டினாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. மேல் உறையில் இயக்குநர் மாலையோடு சிரித்தார். சாவி வந்தது. அறுபத்தெட்டாவது நாள், வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்குப் பெட்டி திறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த தகவலும் கையில் இருந்தது: இந்த வாரம் எட்டுக் கருவிழிகள்.

பெட்டி நேர்மையானது. கேட்டதற்கு உடனே பதில் சொன்னது. பட்டியலில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். அறுபது நாளுக்குள் புதுப்பித்தவர்கள் யாரும் இல்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு பதிவும் காலாவதி.

"பெட்டி மூடியிருந்தா அவங்க எப்படி மேடம் புதுப்பிப்பாங்க?" என்று பொட்டலம் கத்தினாள்.

"அதை விதி கேட்கலையே," என்றார் மேடம். "புதுசா பதிவு பண்ணட்டும். யார் முதல்ல வர்றாங்களோ அவங்க முதல்ல. இதைவிட நியாயம் உண்டா?"

அறிவிப்பு தயாரானது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணி முதல் புதிய பதிவு. அறிவிப்புப் பலகையின் சாவி வைத்திருப்பவர் பத்து மணிக்குத்தான் வருவார் என்பதால், அறிவிப்பு பத்து மணிக்கு ஒட்டப்படும். அறிவிப்பில் ஏழு பேர் கையெழுத்திட வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை நான்தான் அதை ஏழு மேசைக்கும் கொண்டுபோனேன். கடைசிக் கையெழுத்து, தொழில்நுட்பச் சான்றுக்காக, பொட்டலத்தினுடையது. எல்லோரும் வழக்கத்தைவிட நிதானமாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கே இவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். முதல் ஆளாக நிற்கப் போகிறோம் என்று வழியெல்லாம் படபடப்பு. "ஏண்டி இப்படி ஓடற? நியாயமா வர்றது வரும்," என்றார் இவர். "நீங்க பேசாம வாங்க," என்றேன்.

கவுன்டர் வாசலில் ஏற்கெனவே வரிசை நின்றது. முதலில் கறுப்புக் கண்ணாடியோடு இயக்குநரின் மாமியார். அடுத்து மேடத்தின் அண்ணன். அவருக்குப் பின்னால் சாவிப் பிரிவுக்காரரின் சித்தி. இன்னும் மூன்று குடும்பம். ஏழாவதாக, ஸ்வெட்டர் போட்ட ஒருத்தி ஒரு முதியவரின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீயுமா?"

"எங்க அப்பா, அக்கா. ரெண்டு வருஷமா." பொட்டலம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லலையே."

"நீங்க சொன்னீங்களா, இன்னைக்கு விடியக்காலைல வர்றேன்னு?"

நான் எட்டாவதாகப் போய் நின்றேன். கவுன்டர் ஒன்பது மணிக்குத் திறந்தது. கையில் எட்டாம் எண் சீட்டைக் கொடுத்து, பெயர் சொல்லிக் கூப்பிடும்வரை வரிசையிலேயே நிற்கச் சொன்னார்கள். எங்களுக்குப் பின்னால் யாரும் இல்லை.

பத்து மணிக்குப் பலகையில் அறிவிப்பு ஒட்டினார்கள். அதன் பக்கத்தில் பழைய பட்டியலையும் ஒட்டினார்கள். காலாவதியான பட்டியல் இரகசியத்துக்குள் வராது என்று மேடம் வெள்ளிக்கிழமையே குறிப்பு எழுதியிருந்தார். நான் நின்ற இடத்திலிருந்தே கழுத்தை நீட்டிப் படித்தேன். இயக்குநரின் மாமியார் தொண்ணூற்று நான்கு. மேடத்தின் அண்ணன் இருநூற்று ஏழு. பொட்டலத்தின் அப்பா அறுபத்தொன்று.

என் வீட்டுக்காரர் மூன்று.

மூன்றாவதாக இருந்திருக்கிறார், பெட்டி தூங்கிய இரண்டு மாதமும். யார் தயவும் இல்லாமல், யார் கையையும் பிடிக்காமல். கையிலிருந்த சீட்டை நான் மடித்துக்கொண்டேன். இவரிடம் சொல்லவில்லை.

செய்தி பரவி, பத்தரை மணிக்கு மேல் ஆட்கள் ஓடி வர ஆரம்பித்தார்கள். எங்களுக்குப் பின்னால் முதலில் வந்து நின்றது கண் கட்டு போட்ட ஒரு பஸ் டிரைவரும் அவர் மகளும். மகள் பலகையைப் படித்துவிட்டுத் துள்ளிக்கொண்டு வந்தாள்.

"அப்பா! நீங்க ரெண்டாவதா இருந்திருக்கீங்கப்பா!"

"ரெண்டாவதா?" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப சரி, இன்னைக்கு எப்படியும் கிடைச்சுடும்." கையால் துழாவி என் தோளைத் தொட்டார். "அம்மா, நீங்க முன்னாடியே வந்திருக்கீங்க. இந்த வாரம் எத்தனை கண்ணு வந்திருக்குன்னு ஏதாவது சொன்னாங்களா?"

"தெரியலீங்க," என்றேன். "அதெல்லாம் இரகசியம்."

இவர் என் பக்கம் சாய்ந்தார். "ஏய், எட்டுன்னு நேத்து நீதானே சொன்னே?"

கையை அழுத்திக் கிள்ளினேன்.

"பேசாம நேரா பார்த்து நில்லுங்க."